போட்ட திட்டமும் பெய்த மழையும்

இவர் உத்தியோகத்தில் இருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் பிரயாணம் என்றால் இரண்டே வகைதான். ஒன்று, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இன்னொன்று, குலதெய்வம் கோயில். இரண்டுக்கும் விடிகாலையில் புறப்பட்டு ராத்திரிக்குள் மதுரை திரும்பிவிடுவோம். ‘நாளைக்கு ஆபீஸ் இருக்கு’ என்று இவர் சொன்னால் அதற்கு அப்பீலே கிடையாது. அப்படிப்பட்டவர் 2025 ஜனவரியில் ரிட்டயர் ஆனாரோ இல்லையோ, அடியோடு மாறிப் போனார்! ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ‘கூடாரப் பயணம்’ என்று தலைப்பும் எழுதிவிட்டார்.

காரில் போவது, லாட்ஜ் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் ராத்திரி கூடாரத்தில் தங்குவது, சமையலும் நாமே. இதுதான் திட்டம். “மரத்தடியில எங்க வேணும்னாலும் டெண்ட் அடிச்சுக்கலாமா?” என்று கேட்டேன். அதெல்லாம் முடியாதாம். காட்டிலாகா எல்லைக்குள் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. இதற்கென்றே இடம் வாடகைக்கு விடுகிறவர்கள் மலைப்பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். குழாய், கக்கூஸ் வசதியெல்லாம் உண்டு என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

முதல் ராத்திரி போடிமெட்டுக்கு மேலே சூரியநெல்லி. இரண்டாம் ராத்திரி மூணாறு. மூன்றாம் ராத்திரி மறையூர். பிறகு சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை இறங்கி, பழனியில் முருகனைச் சேவித்துவிட்டு மதுரை. மைல்கல் மைல்கல்லாக எழுதி வைத்திருந்தார். பெண்ணுக்கு லீவு கிடைத்ததும், காலேஜில் படிக்கிற சின்னவனுக்குப் பரீட்சை முடிந்ததும் ஒன்றாகச் சேர்ந்து வந்த தேதி மே 24, சனிக்கிழமை. “மழை வந்துராதா?” என்றேன். “கேரளாவுல பருவமழை ஜூன் 1-ம் தேதி வாக்குலதான் ஆரம்பிக்கும். நாம அதுக்குள்ள வீட்டுல இருப்போம்” என்று நோட்டைத் தட்டிக் காண்பித்தார்.

என் மாமியாருக்கு வயது எழுபத்தொன்பது. இளைப்பும் உண்டு. அவர்களை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். அத்தை காதில் விழுந்துவிட்டது. “ஏன், நான் என்ன மண்பானையா, எடுத்துட்டுப் போனா உடைஞ்சு போறதுக்கு? நானும் வர்றேன்” என்று பையை எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்?

சாமான் கட்டுவது என் பாடு. நம் பெண்களுக்குத் தெரியாதா என்ன? ஐந்து பேருக்கு முதல் நாளைக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். பின்னாடிக்கு அரிசி, பருப்பு, வறுத்த ரவை, பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய். சுக்கு, மிளகு, திப்பிலி இடித்து ஒரு டப்பாவில். ஜமுக்காளம், போர்வை, டார்ச் லைட். அத்தையின் இன்ஹேலர் இரண்டு. ஒன்று அவர்கள் இடுப்புப் பையில், ஒன்று என் கைப்பையில். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற மெஷினையும் போட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் ஒரு செட் உலர்ந்த துணியைத் தனியே பாலிதீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி வைத்தேன் பாருங்கள், பின்னால் அதுதான் கை கொடுத்தது.

இவர் தன் பங்குக்குக் கொண்டு வந்து வைத்தது ஒரு கும்மட்டி அடுப்பும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும். “காஸ் ஸ்டவ்தான் சின்னதா ஒண்ணு இருக்கே, இது எதுக்குங்க?” என்றதற்கு, “மலை மேல சோளக்கதிரைக் கரியில வாட்டித் தின்னா எப்படி இருக்கும் தெரியுமா!” என்றார். ஆசைப்படுகிறாரே என்று விட்டுவிட்டேன்.

போடிநாயக்கனூரில் காப்பி குடிக்க நிறுத்தினோம். கடை டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை அன்றைக்கே தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்திருக்கிறது. எட்டு நாள் முன்கூட்டியே! நீலகிரிக்கும் கோயம்புத்தூருக்கும் மறுநாள் சிவப்பு எச்சரிக்கையாம். நான் இவரைப் பார்த்தேன். இவர் காப்பி டம்ளரைப் பார்த்தார். “இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்கு. சூடு பிடிக்க ரெண்டு நாள் ஆகும்” என்றார். மழை என்ன அடுப்பா, சூடு பிடிக்க? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும். நாலு மாசமாக ஒருத்தர் ஆசை ஆசையாக எழுதி வைத்ததை நாம் ஏன் கெடுப்பது என்று சும்மா இருந்துவிடுகிறோம், இல்லையா?

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு வரைக்கும் வெயில். அதற்கு மேல் மேகம் காருக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. மெட்டைத் தாண்டியதும் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்தது, சூரியநெல்லி போய்ச் சேரும்போது ‘சோ’வென்று கொட்டியது. ஏலக்காய்த் தோட்டமும் தேயிலைச் சரிவுமாக ரொம்ப அழகான இடம் என்று இவர் நோட்டில் எழுதியிருந்தார். இருக்கலாம். நான் பார்த்ததெல்லாம் வெள்ளைப் புகைமூட்டமும் என் செருப்பில் ஏறிய சேறும்தான். போதாததற்குச் சின்னவன் காலில் அட்டை வேறு. பிடித்து இழுக்காமல், நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினோம்.

எங்களுடையது ஆறு பேர் படுக்கிற பெரிய கூடாரம். நைலான் துணி. கொட்டுகிற மழையில் அதை நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டி முடித்தபோது நான்கு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அத்தை மட்டும் காருக்குள். உலர்ந்த துணி மாற்றி, தலை துவட்டி, புளியோதரையைத் தின்று முடித்தபோது மணி எட்டு. சாரல் உள்ளே தெறிக்கிறதென்று வாசல், ஜன்னல் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினோம்.

புகையே வராத கரி

குளிர் என்றால் அப்படிக் குளிர். அத்தைக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. இன்ஹேலர் கொடுத்து, கம்பளியைச் சுற்றி, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். இவர் சமையல் கொட்டகைக்குப் போய் அந்தக் கும்மட்டி அடுப்பைப் பற்ற வைத்து, புகையெல்லாம் அடங்கிக் கரி ‘தகதக’வென்று சிவந்த பிறகு, உள்ளே கொண்டு வந்து வாசல் பக்கம் வைத்தார். “பாரு, புகையே இல்ல. ஹீட்டர் மாதிரி” என்றார். உண்மையாகவே சுகமாக இருந்தது. மறைத்து எழுத விருப்பமில்லை: நானும்தான் கையை நீட்டிக் குளிர் காய்ந்தேன்.

அரை மணி, முக்கால் மணி போயிருக்கும். பெண், “தலை வலிக்குதும்மா” என்றாள். மழையில் நனைந்ததுதான் என்று தைலம் தடவினேன். பேசிக்கொண்டே இருக்கிற சின்னவன் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தான். அலைச்சல் என்று நினைத்தேன். “எனக்கு உமட்டுதுத்தா” என்றார் அத்தை. வளைவில் வந்ததால் இருக்கும் என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தேன். எனக்கே பொட்டில் ‘விண் விண்’ என்று தெறித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் என்னிடம் தயாராக இருந்தது பாருங்கள்! ஐந்து பேரில் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் என்ன வந்தது என்று மட்டும் தோன்றவில்லை.

சந்தேகத்துக்கு அந்த விரல் மெஷினை அத்தைக்கு மாட்டினேன். 97 காட்டியது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பிரமாதம்! ஒண்ணுமில்ல, படுங்கம்மா” என்றார்.

அத்தை படுக்கவில்லை. அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே சாம்பல் பூத்து, உள்ளே கனன்றுகொண்டிருந்தது. திடீரென்று, “ஏய்யா, அதைத் தூக்கி வெளிய போடு” என்றார். “குளிருமேம்மா” என்றார் இவர். “போடுன்னா போடுறா! ஏத்தா, பிள்ளைகளை எழுப்பு. வெளிய வாங்க எல்லாரும்!” அந்தக் குரலை இருபத்தேழு வருஷத்தில் நான் கேட்டதில்லை. அவர்களே வாசல் ஜிப்பைப் பிடித்து இழுத்தார்கள். கை நடுங்கியதில் வரவில்லை. நான் இழுத்துத் திறந்தேன். சின்னவனை எழுப்பினால் கால் நிற்கவில்லை; குடித்தவன் மாதிரித் தள்ளாடினான். நானும் பெண்ணும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மழைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு வந்தோம். சேற்றில் அடுப்பு கவிழ்ந்து ‘உஸ்’ஸென்றது.

சமையல் கொட்டகைக்குத் தகரக் கூரை மட்டும்தான். மூன்று பக்கமும் திறப்பு. அங்கே பெஞ்சில் உட்கார வைத்தோம். காவலுக்கு இருந்த பையன் எழுந்து வந்து கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தான். சின்னவன் ஒரு வாந்தி எடுத்தான். அரை மணி நேரம் காற்றுப் பட்டதும் முகம் தெளிந்து, “என்னம்மா ஆச்சு?” என்றான். அந்தக் கேள்வி வருகிற வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத வரவில்லை.

இவர் பேசவே இல்லை. அத்தைதான் பேசினார்.

“தை மாசம். பேறுகாலத்துக்கு உசிலம்பட்டிப் பக்கம் எங்க ஆத்தா வீட்டுல இருந்தேன். பிள்ளை பிறந்து ஏழெட்டு நாள். பச்சை உடம்புக்குக் காத்து ஆகாதுன்னு கதவு, சன்னலெல்லாம் அடைச்சு, கட்டிலுக்குக் கீழ கரிச்சட்டியை வச்சுட்டுப் போயிட்டாங்க. சாம்பிராணி போட்ட மிச்சக் கரி. புகையே கிடையாது. தலை வலிச்சுச்சு, உமட்டுச்சு, அப்படியே தூக்கம். கண்ணு முழிச்சா திண்ணையில கிடக்கேன். எங்க ஆத்தா கன்னத்துல மாறி மாறி அறையுது. பிள்ளையைத் தூக்கிட்டு எங்க சித்தி தெருவுல ஓடுது. பேய் அடிச்சிருச்சுன்னு சொல்லி, மந்திரிச்சுத் தாயத்துக் கட்டினாங்க. மருத்துவச்சிக் கிழவி ஒருத்திதான் சொல்லுச்சு, ‘பேயுமில்ல பிசாசுமில்ல. புகையுற கரி கண்ணைத்தான் கரிக்கும், புகையாத கரி ஆளைக் கொல்லும்’னு.”

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். பிறகு பெண் கேட்டாள், “அந்தப் பாப்பா யாரு அப்பத்தா? பெரிய அத்தையா?”

“உங்கப்பன்தான். 65-ல” என்றார் அத்தை.

இவர் எழுந்து போய் மழையில் கிடந்த அடுப்பைக் காலால் தள்ளிவிட்டு வந்து, அத்தை காலடியில் பெஞ்சின் கீழேயே உட்கார்ந்துகொண்டார். கூடாரத்தின் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுவிட்டு, விடிகிற வரைக்கும் கொட்டகையிலேயே முடங்கிக் கிடந்தோம். யாரும் சரியாகத் தூங்கவில்லை. நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சின்னவனைத் தட்டித் தட்டி ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். “ஏழாம் வாய்ப்பாடு கூடச் சொல்லணுமாம்மா?” என்று சலித்துக்கொண்டான்.

இறங்கு, ஆனால் வீட்டுக்கு இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மழை விடவில்லை. நான் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் நோட்டைப் பிரித்தார். பாதிப் பக்கம் நனைந்து மை பரவியிருந்தது. “மூணாறு போய் லாட்ஜ் எடுத்துருவோம். மழை நின்னதும் மறையூர் போயிரலாம். அந்தப் பக்கம் மழை இருக்காது” என்றார்.

மறையூரைப் பற்றி இவர் சொன்னது தப்பில்லை. அது மழை மறைவுப் பிரதேசம். மூணாறுப் பக்கம் வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது என்றால், அதிலிருந்து சில பத்து மைல் தள்ளி இருக்கிற சின்னாறில் 500 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அங்கே போகிறதற்கு முதலில் மூணாறு போக வேண்டுமே! சூரியநெல்லியிலிருந்து தேவிகுளம் போகிற மலைச்சாலையில் பாறையை வெட்டி ரோடு போட்ட ஒரு பகுதி உண்டு. கேப் ரோடு என்பார்கள். மழைக்காலத்தில் அங்கே மண்ணும் பாறையும் சரிந்து ரோடு அடைபட்ட வருஷங்கள் இருக்கின்றன. கீழே டீக்கடை வைத்திருக்கிற தமிழ்ப் பெண்மணியிடம் பால் வாங்கப் போனபோது கேட்டேன். தோட்டத் தொழிலாளர் குடும்பம். மூன்று தலைமுறையாக அங்கேதான் இருக்கிறார்களாம். “போகலாம்க்கா, வண்டி போயிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா பெட்டிமுடிக்கப்புறம் நாங்கள்லாம் இந்த மாதிரி மழையில ராத்திரி கண்ணு மூடுறதில்ல” என்றாள்.

பெட்டிமுடி உங்களுக்கு நினைவிருக்கும். மூணாறைத் தாண்டி, ராஜமலைப் பக்கம். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி ராத்திரி மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயன் வீடுகளின் மேல் விழுந்ததில் எழுபது பேர் போனார்கள். அநேகமாக எல்லாம் நம் தமிழ்க் குடும்பங்கள். தூக்கத்திலேயே.

நான் திரும்பி வந்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “என்னங்க, இறங்கிரலாம்” என்றேன்.

“அப்போ அவ்வளவுதான், வீட்டுக்குப் போயிரணுமா?” என்று கேட்டார். அறுபது வயது மனிதர். பள்ளிக்கூடத்துச் சுற்றுலா ரத்தான பையன் மாதிரி ஒரு முகம். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ராத்திரி நடந்ததற்கு இவர் மேல் பழி போட்டு நாலு வார்த்தை பேச நாக்குத் துடித்தது. குளிர் காய்ந்தது நானும்தானே?

அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “வீட்டுக்கு யார்றா போகச் சொன்னா? மலையை விட்டு இறங்குன்னு சொன்னா வீட்டுக்குப் போறதா அர்த்தமா? டெண்டைக் கொண்டு போயி கீழ அடி. போடியில உன் கூட வேலை பார்த்தவரு தோப்பு வச்சிருக்காருன்னு சொல்லுவியே!”

இந்த யோசனை நாலு மாசம் திட்டம் போட்ட எங்கள் யாருக்கும் வரவில்லை! இவர் போன் போட்டார். நண்பர், “மாங்கா சீசன்ல வர்றீங்க, கேட்கணுமா?” என்றார். அரை மணியில் ஈரக் கூடாரத்தைச் சுருட்டி வண்டி மேல் கட்டிவிட்டோம்.

இறங்குகிற வழியில் நான் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். மேலே வைப்பரை நிறுத்த முடியவில்லை. பாதி இறங்கும்போது தூறல். இன்னும் நாலு வளைவு தாண்டினால் ரோடு காய்ந்து கிடக்கிறது! ஆடுகள் நடு ரோட்டில் படுத்திருக்கின்றன! வாயைப் பிளந்தேன். சின்னவன் விளக்கினான்: அரபிக்கடலிலிருந்து வருகிற ஈரக் காற்று மேற்குப் பக்கத்து மலையில் ஏறும்போது குளிர்ந்து, அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுகிறது. ஈரத் துணியைக் கேரளாவில் பிழிந்துவிட்டுத் தேனியில் உதறிக் காயப்போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உதறுகிற காற்று மட்டும் நமக்கு வந்து சேரும். தேனி ஜில்லாவில் காற்றாலைகள் சுற்றுவது இந்தக் காற்றில்தான். நோட்டில் மறையூருக்கு என்று எழுதிய அதே மழை மறைவு, நாங்கள் ஏறி வந்த வழியிலேயே இருந்திருக்கிறது.

தோப்புக்குப் போகும் முன்னால் போடியில் ஒரு லேடி டாக்டரிடம் எல்லோரையும் காட்டினோம். முதலில் நன்றாகத் திட்டு வாங்கினோம். “ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கணும். மயங்கித் தள்ளாடினவனுக்கு ஆக்ஸிஜன் வைக்காம விட்டிருக்கீங்க” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நம் வீடுகளுக்கும் வேண்டிய விஷயம்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணைக் கரிக்காது. நீறு பூத்துக் கனன்றுகொண்டிருக்கும்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது; பிராணவாயுவைப் போல் 200 மடங்குக்கு மேல் பிடிப்பு அதிகமாம். தலைவலி, கிறுகிறுப்பு, உமட்டல், கை கால் சோர்வு, பிறகு தூக்கம். தூங்கிவிட்டால் தானாக எழுந்து வெளியே போகிற தெம்பு இருக்காது. வயதானவர்கள், சின்னக் குழந்தைகள், இருதயக் கோளாறோ இளைப்போ உள்ளவர்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. கர்ப்பிணி என்றால் வயிற்றுக் குழந்தைக்கும் சேர்த்து.

“மெஷின் 97 காட்டிச்சே டாக்டர்?” என்றேன். அதுதான் ஏமாற்று வேலை என்றார். அந்த மெஷின் விரலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, ரத்தத்தின் சிவப்பைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறது. இந்த வாயு ஏறிய ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால், அதையும் பிராணவாயு என்றே சொல்லிவிடும். சரியாகத் தெரிய வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நான் அந்த எண்ணை நம்பி எல்லோரையும் தூங்க வைத்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

கூடாரம் போட்டு மலையில் தங்காதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். டாக்டர் அடுக்கினார்: காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் காஸ் கீசர், மின்சாரம் போனால் வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிற ஜெனரேட்டர், ஷெட் கதவை மூடிக்கொண்டு காரை ஸ்டார்ட் செய்து வைப்பது, குழந்தை பெற்றவள் இருக்கிற அறையில் கரிச்சட்டி. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அத்தை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குழந்தைக்குச் சாம்பிராணி போட்டாலும் போட்டவுடன் சட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும், ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்றார் டாக்டர். புகை பச்சைக் குழந்தையின் மூச்சுக்கும் ஆகாது. போடாமலே இருந்தால் இன்னும் நல்லது. யாருக்காவது தலைசுற்றி, கூட இருப்பவர்களுக்கும் அதே மாதிரி இருந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்துவிட்டு, 108-க்குப் போன் செய்ய வேண்டியது.

மாந்தோப்பில் இரண்டு ராத்திரி

தோப்பு மலையடிவாரத்தில். மேலே நிமிர்ந்து பார்த்தால், நேற்று நாங்கள் இருந்த இடம் கரும்போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. இங்கே வெயிலும் மேகமும் மாறி மாறி. காற்று மட்டும் பேய்க்காற்று. மாமர நிழலில் கூடாரம் அடிக்கலாம் என்று நான் பாயை விரிக்கப் போனேன். தோப்புக்காரர் வீட்டு அம்மா தடுத்துவிட்டார். “இந்தக் காத்துக்குக் கிளை முறிஞ்சு விழும்மா. களத்துல அடிங்க” என்றார். வெட்டவெளிக் களத்தில், மோட்டார் ரூம் சுவரைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து அடித்தோம்.

அதற்கு முன்னால் ஈரத்தையெல்லாம் காய வைக்கிற வேலை. கூடாரத் துணியை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இரண்டே நாளில் பூசணம் பூத்துவிடும்; அந்த வாடை இளைப்புக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. தொட்டித் தண்ணீரில் சேறு போக அலசி, கிணற்றடியில் கொடி கட்டி விரித்தேன். காற்றில் ஒரு மணியில் காய்ந்தது. போர்வை, ஜமுக்காளம், செருப்பு, சூட்கேஸ் எல்லாம் வெயிலில். தோப்பே சலவைத் துறை மாதிரி இருந்தது!

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். மாங்காய்ப் பச்சடி, பருப்புத் துவையல், மிளகு ரசம். சாப்பிட்டு எழுந்ததும் பழம். கல்லாமை ஒரு கூடை, காசா லட்டு ஒரு கூடை என்று கொண்டு வந்து வைத்தார்கள். காசா லட்டைச் சின்னவன் எத்தனை தின்றான் என்று நான் எண்ணவில்லை. முந்தின ராத்திரி கால் நிற்காமல் தள்ளாடிய பிள்ளை, தின்னட்டும் என்றிருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் இவர் சத்தமில்லாமல் எழுந்து போய், கார் டிக்கியிலிருந்து அந்தக் கும்மட்டி அடுப்பை எடுத்து வந்தார். அதைச் சூரியநெல்லியிலேயே தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். களத்தின் நடுவில், கூடாரத்துக்கு நாற்பது அடி தள்ளி வைத்தார். சோளக்கதிர் ஐந்து. விசிறியை எடுத்து வீசப் போனவரிடமிருந்து அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டு, “தள்ளு, நான் வாட்டுறேன். உனக்குக் கரியைப் பத்தி என்ன தெரியும்!” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ராத்திரிக்குப் பிறகு அப்போதுதான்.

உப்பும் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சம்பழமும் தடவித் தின்றோம். அந்தச் சோளக்கதிர் நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தின்று முடித்ததும் இவர் ஒரு குடம் தண்ணீரைக் கரியில் ஊற்றினார். கிளறினார். இன்னொரு குடம் ஊற்றினார். “போதும்யா, களமே குளமாகுது” என்றார் அத்தை.

படுக்கிறபோது டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மை பரவிப் போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘மூணாறு – தை மாதம்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘அம்மாவைக் கேட்டுக்கொண்டு’.

கூடாரத்தின் ஜன்னல் எல்லாம் திறந்தே கிடந்தது. மலைப்பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. அத்தை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “ஏத்தா, கல்லாமை ஒரு கூடை வீட்டுக்கு வாங்கி வச்சிருக்கியா?” என்று கேட்டார்.